குழி தோண்டும் முன்: நீலகிரிக்கு மரம் நட வரும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூன் பிறந்ததும் கோவை, திருப்பூர், ஈரோடு, சில சமயம் சென்னையிலிருந்துகூட வேன் பிடித்து எங்கள் மலைக்கு மரம் நட வருகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். நான் எமரால்டு பக்கம் குடியிருப்பவன். அரசுப் பள்ளியில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியில் சோலை மரக் கன்றுகள் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். சோலை என்றால் இங்கே மலைப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் காடு. எந்த அமைப்பிலும் இல்லை. அதனால் திட்டுவதென்றால் என்னை மட்டும் திட்டினால் போதும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் புல்சரிவுக்கு ஒரு குழு வந்தது. பெயர் வேண்டாம். அறுபது எழுபது பேர், எல்லாம் படித்த பிள்ளைகள். பச்சை டி-சர்ட், பெரிய பேனர், மைக் செட். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் அறுநூறு குழி தோண்டிவிட்டார்கள். புங்கன், வேம்பு, நீர்மருது, மகோகனி. ஓரமாக ஒரே வரிசையில் கொஞ்சம் நாவல். "இவ்வளவு பெரிய மலை ஒரு மரம்கூட இல்லாமல் மொட்டையாகக் கிடக்கிறதே சார், அஞ்சு வருஷம் கழித்துப் பாருங்கள், காடாகியிருக்கும்" என்றார் குழுவை நடத்திவந்த தம்பி. நல்ல பிள்ளை. எனக்கும் ஒரு பொட்டலம் தக்காளிச் சோறு கொடுத்தார். நான் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டது என் தப்பு.

டிசம்பர் கடைசியில் உறைபனி விழ ஆரம்பித்தது. பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் ஏறிப் போய்ப் பார்த்தேன். புல் மேல் உப்பைத் தூவியதுபோல் வெள்ளை. வேப்பங்கன்றின் இலையைத் தொட்டால் வெந்த கீரை மாதிரி கையோடு வந்தது. வெயில் ஏற ஏற மிச்சமும் கறுத்தது. மாசி மாதம் போனபோது பச்சையாக ஒன்றும் இல்லை, நாவல் உட்பட. அத்தோடு முடிந்திருந்தால் சரி, போனது போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். அடுத்த மழைக்கு அந்தக் குழிகளுக்குள் செடி முளைத்தது. இறகு இறகாகப் பிரிந்த இலை. தம்பி சொன்னது பலித்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். எல்லாம் சீகை.

சமையலுக்கும் தலைக்கும் போடுகிற சீயக்காய் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தை இந்த மலையில் சீகை என்கிறோம். தோல் பதனிடப் பட்டையும் விறகும் தரும் என்று வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நம் ஆட்களே மலை மலையாக நட்டார்கள். அந்தச் சரிவின் தலைமாட்டில் பழைய சீகைத் தோப்பு ஒன்று இருக்கிறது. அதன் விதை மண்ணுக்குள் எத்தனை வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்ததோ, உங்கள் கடப்பாரை அதை எழுப்பிவிட்டது.

அந்த விதையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் ஒரு சின்னச் சோதனை செய்து காட்டுவேன். இரண்டு டம்ளர். இரண்டிலும் ஒரு கை சீகை விதை. ஒன்றில் பச்சைத் தண்ணீர், இன்னொன்றில் அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீர். மறுநாள் காலையில் பார்த்தால் பச்சைத் தண்ணீரில் கிடந்த விதை கறுப்பாக, கல் மாதிரி, போட்டது போட்டபடி இருக்கும். கொதிநீர் பட்டது உப்பி, தோல் விரிந்து, முளைக்கத் தயாராக இருக்கும். "சார், வெந்து செத்துப்போகாதா?" என்று எல்லா வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். சாகாது. அதன் ஓடு அவ்வளவு கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். காட்டுத்தீ போனாலோ, மேல் மண்ணைக் கிளறி வெயில் பட வைத்தாலோ கிளம்பிவிடும். அறுநூறு குழி என்றால் அறுநூறு அழைப்பிதழ்.

இப்போது "மொட்டை" என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கீழேயிருந்து வருகிறவர்களுக்குப் புல்மலை மொட்டையாகத்தான் தெரியும். வெள்ளைக்காரன் கணக்கிலும் அது தரிசு. அதற்கப்புறம் வந்தவர்கள் கணக்கிலும் அது சும்மா கிடக்கிற இடம். காட்டை யாரோ வெட்டி அழித்ததால் வந்த புல் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். மண் சொல்வது வேறு. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் கறுப்பாக மக்கிய சதுப்பு மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. புல்லும் மரமும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் வழி வேறு வேறு. அந்த வித்தியாசம் மக்கிய பிறகும் மண்ணில் அழியாமல் இருக்கும். பேராசிரியர் சுகுமாரும் அவருடன் சேர்ந்தவர்களும் அதை அளந்து 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. மழை கூடிய காலங்களில் மரம் முன்னேறியிருக்கிறது, வறண்ட காலங்களில் பின்வாங்கியிருக்கிறது. கோடாலி இந்த மலைக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே புல்லும் சோலையும் வரப்புத் தகராறு மாதிரி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

அந்த வரப்பு எப்படி நிற்கிறது? 1938இல் சி. ஆர். ரங்கநாதன் என்ற வன அதிகாரி உறைபனியைக் காட்டினார். திறந்த புல்வெளியில் சோலை மரத்தின் கன்று ஒரு குளிர்காலத்தைத் தாண்டாது. ஆகவே சோலை தன் எல்லையைத் தாண்டி வெளியே வர முடிவதில்லை என்றார். தீதான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. நெடுநாள் வாக்குவாதம் நடந்தது. 2020இல் அதுல் ஜோஷி, ஜயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் வெளியிட்ட ஆய்வு பனியின் பக்கம் பலமாகச் சாய்ந்தது. சோலையையும் புல்லையும் அவரவர் இடத்தில் நிறுத்தி வைப்பது உறைபனி. அந்தப் பனியை அயல் சீகை தாங்கிவிடுகிறது. மலை சூடாகிக்கொண்டே போனால் இந்த ஏற்பாடு குலையும் என்பது அதன் சாரம்.

இதைப் பாடமாகச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்துக்குத்தான் இறங்கும் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் பள்ளத்தில்தானே பனி அதிகம்? சோலை மட்டும் ஏன் பள்ளத்தில் இருக்கிறது?" எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. மணி அடித்துக் காப்பாற்றினார்கள்.

பதில் ஊட்டி தாவரவியல் பூங்காவிலேயே இருக்கிறது. குளிர்காலம் வந்ததும் அங்கே அலங்காரச் செடிகள் மேல் கோத்தகிரி மிலாறு என்ற செடியின் தழையைக் கொண்டுவந்து போர்த்துவார்கள், பார்த்திருக்கிறீர்களா? வருடா வருடம் பேப்பரில் படம் போடுவார்கள். மேகமில்லாத இரவில் தரையின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடும். மேலே ஒரு கூரை இருந்தால், அது இலைக்கூரையானாலும், அந்தச் சூடு பாதியில் நிற்கும். காலையில் குளிரில் விறைத்த இலை மேல் சுள்ளென்று வெயில் அடித்தால் அதுவும் இலையைக் கெடுக்கும். கூரை அதையும் தடுக்கும். சோலை தனக்குத் தானே மிலாறு. பெரிய மரங்களின் விதானத்துக்குக் கீழே அவற்றின் குஞ்சுகள் பிழைக்கின்றன. அவை வளர்ந்து அடுத்த விதானம் ஆகின்றன. பள்ளத்தில் தண்ணீரும் ஆழமான மண்ணும் உண்டு, தீயும் எளிதில் இறங்காது. ஒரு தடவை அங்கே சோலை அமைந்துவிட்டால் அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வெளியே புல் அமைந்துவிட்டால் அதுவும் அப்படித்தான். அந்த மாணவிக்கு இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அவள் கோவையில் காலேஜ் சேர்ந்துவிட்டாள், போனில்தான் சொன்னேன்.

ஆக, ஓர் இடத்தில் எந்தெந்த உயிர்கள் கூடி வாழும் என்பது சும்மா நடப்பதில்லை. முதலில் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். வந்தது அந்த இடத்துப் பனிக்கும் மண்ணுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். அப்புறம் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் இடம் விட வேண்டும். பந்திக்கு முந்து என்று நம்மவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். யார் முதலில் இலை போட்டு உட்கார்ந்தார்கள் என்பதை வைத்தே பிறகு வருகிறவர்களின் கதி முடிவாகும்.

வந்து சேருவதே எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு குருவியைக் காட்டுகிறேன். எங்கள் சோலையில் தரையை ஒட்டித் திரியும் சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, ஆள் குருவி) நீலம் கலந்தது, வயிற்றோரம் துருச் செம்மை. பழனி மலைச் சோலையிலும் சோலைக்கிளி உண்டு, ஆனால் அது வேறு இனம். எங்கள் சிரிப்பான் குருவியும் கொடைக்கானல் சிரிப்பானும் அதே மாதிரிதான், பங்காளிகள், ஆனால் வேறு வேறு. நடுவே பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். சோலையின் நிழலைவிட்டு வெளியே வராத குருவிக்கு அந்த முப்பது கிலோமீட்டர் வெயில் ஒரு சமுத்திரம். 2017இல்தான் இந்தச் சோலைக்கிளிகளுக்கென்று சோலிக்கோலா என்று தனிப் பேரினமே வைத்தார்கள். நம் "சோலை" என்ற சொல் லத்தீன் பெயருக்குள் போய் உட்கார்ந்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

இனி சோலைக்குள்ளே. இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்குக் கீழே உள்ள சோலை ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுதான். அதற்குள் விக்கி, காட்டு நாவல், செண்பகம், காட்டு லவங்கம், எனக்கே பெயர் தெரியாதவை பத்துப் பதினைந்து. எல்லாவற்றுக்கும் வேண்டியது அதே வெளிச்சம், அதே தண்ணீர், அதே மண். ஒன்று மற்றதை அடித்துவிட்டு மொத்த இடத்தையும் பிடிக்க வேண்டாமா? ஏன் பிடிப்பதில்லை?

பாடப் புத்தகத்தில் காஸ் என்ற ரஷ்ய விஞ்ஞானியின் சோதனை இருக்கும். 1934இல் வெளியானது. ஒரே குடுவையில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியில் இரண்டு வகையை விட்டார், ஒரே உணவு. ஒன்று பெருகியது, இன்னொன்று அழிந்தது. ஒரே பிழைப்பு நடத்தும் இருவர் ஒரே இடத்தில் நிலைக்க முடியாது என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்குவார்கள். அதே காஸ் வேறொரு ஜோடியை விட்டபோது இரண்டும் பிழைத்தன என்பதை யாரும் கேட்பதில்லை. ஒன்று மேல் தண்ணீரில் மேய்ந்தது, மற்றது அடியில் தங்கியதை மேய்ந்தது. 1961இல் ஹட்சின்சன் என்ற சூழலியல் விஞ்ஞானி இன்னொரு சங்கடத்தைக் கிளப்பினார். குளத்துத் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகளுக்கு மேல் கீழ் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, உணவு வகையும் சொற்பம். ஆனாலும் டஜன் கணக்கில் இனங்கள் சேர்ந்து வாழ்கின்றனவே, எப்படி?

எனக்குப் பிடித்த பதில் ஜான்சன், கானல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1970, 71இல் தனித்தனியாகச் சொன்னது. தாய் மரத்தடியில் விதை குவியலாக விழும். அந்த மரத்தையே தேடி வரும் பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் குவியும். ஆகவே தாயின் காலடியில் பிள்ளை பிழைப்பது கஷ்டம். பறவை தூக்கிக்கொண்டு போய்த் தள்ளிப் போட்டது பிழைக்கும். தாயின் காலடியில் வேறு சாதி விதை விழுந்தால் அதற்கு அந்தப் பூச்சித் தொல்லை இல்லை. நான் விக்கி மரத்தடியில் முட்டி போட்டுப் பார்த்திருக்கிறேன். முளை நிறைய இருக்கும். இரண்டு இலை, மூன்று இலை விட்டதெல்லாம் ஓட்டை ஓட்டையாக, நுனி கருகி இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குச் சுத்தமாக நிமிர்ந்து நிற்பது ஒரு நாவல் கன்றாக இருக்கும். எங்கோ நாவல் பழம் தின்ற காட்டுப்புறா விக்கிக் கிளையில் உட்கார்ந்து எச்சமிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

செஸ்ஸன் என்பவர் 2000இல் இதையெல்லாம் திரட்டிக் கணக்காகப் போட்டார். கணக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. சாரம் இதுதான்: பல இனங்கள் ஒன்றாக நிலைத்திருக்க வேண்டுமானால், ஒவ்வோர் இனமும் அடுத்த இனத்தை நெருக்குவதைவிடத் தன் இனத்தையே அதிகமாக நெருக்கிக்கொள்ள வேண்டும். கூட்டம் கூடினால் தனக்கே கேடு. கூட்டம் குறைந்தால் தனக்கே லாபம். அப்படியிருந்தால் யாரும் ஒரேயடியாகப் பெருகவும் முடியாது, ஒரேயடியாக அழியவும் மாட்டார்கள். இதற்கு மாறாக, எல்லா இனமும் ஏறக்குறைய சமம்தான், யார் எங்கே முளைப்பது என்பது குலுக்கல் சீட்டு என்று ஹப்பல் என்பவர் 2001இல் வாதாடினார். சோலைக்குள் மரம் சாய்ந்து வெளிச்சம் விழும் இடத்தில் யார் எழும்புகிறார்கள் என்று பார்த்தால் எனக்கும் சில நாள் குலுக்கல் மாதிரிதான் படும். உறைபனிக் காலையில் அப்படித் தோன்றாது.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் ஒரே வரிசையில் நட்ட நாவல் பனிக்குத் தப்பியிருந்தாலும் தனக்குத் தானே பகையாக நின்றிருக்கும். பழத்தோட்டத்துக்கு மருந்தடிக்க ஆள் உண்டு. அங்கே யார் அடிப்பது?

புல்வெளியிலும் இதே நியாயம்தான், ஆட்கள் வேறு. பக்கத்து மந்திலிருந்து (தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர்) தோடர் பெரியவர் ஒருவர் என் வீட்டுக்கு டீ குடிக்க வருவார். "எருமை மேயாத புல்லு பாய் மாதிரி படுத்துக்கும் வாத்தியாரே, அடியில எதுவும் தலை தூக்காது" என்பார். புல்லிலேயே உயரமானது மற்றதையெல்லாம் மூடிவிடும். எருமை வாய் வைத்தாலோ, முன்காலத்தில் அவர்கள் வைத்ததுபோல் பனிக்காலத்துச் சிறு தீ ஓடினாலோ, அந்த உயரக்காரனுக்குத்தான் அடி அதிகம். அந்த இடைவெளியில்தான் தரையோடு ஒட்டிய ஆர்க்கிட் பூக்களும் சின்னஞ்சிறு செடிகளும் எழும்புகின்றன. குறிஞ்சியும் புல்சரிவுக்காரிதான். 12 ஆண்டுக்கு ஒருமுறை, 2006, 2018 என்று ஒரே நேரத்தில் மலை முழுதும் பூத்து, விதை கொட்டி, மொத்தமாகச் செத்துப்போவாள். விதை தின்னிகள் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டுவதற்கான தந்திரம் அது என்று ஒரு விளக்கம் உண்டு. வரையாடு மேய்வதும் இந்தப் புல்லில்தான். நீலகிரி நெட்டைக்காலி என்ற குருவி இந்தப் புல்லைவிட்டு வேறெங்கும் கூடு கட்டாது. புல்மலையில் மரமென்று ஒன்று உண்டென்றால் அது காட்டுப்பூவரசு. சிவப்புப் பூ. பனியும் தீயும் தாங்கும், தனியாக நிற்கும். யாரும் நடவில்லை.

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். மரம் நட்டால் மழை, மழை வந்தால் தண்ணீர் என்று பேனரில் போடுகிறீர்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் கிளென்மார்கனில் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இரண்டு பள்ளத்தாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருடக்கணக்கில் அளந்தார்கள். ஒன்றை இயற்கைப் புல்லும் சோலையுமாக விட்டு, மற்றதில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே ஓடிவரும் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. எங்கள் ஓடைதான் பவானி ஆகிறது. கீழே குழாயில் குடிக்கிறவர்களில் நீங்களும் இருப்பீர்கள்.

பழனி மலையின் கணக்கையும் பாருங்கள். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில், அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. தோப்பு மரமும் விவசாயமும் தின்றுவிட்டன. அதாவது புல்வெளிக்கு வந்த முதல் ஆபத்தே மரம் நட்டதுதான்.

இதற்காகச் சீகை என்றால் தீட்டு, கண்ட இடத்தில் வெட்டிச் சாய்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெட்டது என்று என் வாயால் வராது. நானே 1970களில் இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த குடும்பம். இங்கே விளைகிற டீ, உருளை, கேரட் எல்லாம் வந்தவைதான். எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் அதைக் கட்டிப்போட என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குக் கேள்வி. சீகையின் ஊரில் அதற்கென்றே பூச்சிகள் இருந்தன; இங்கே அவை கூட வரவில்லை. வேர் முடிச்சில் நைட்ரஜன் பிடித்து மண்ணையே தன் வசதிக்கு மாற்றிக்கொள்கிறது. திறந்த புல்லில் அதை நெருக்க யாருமில்லை.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் அது தன்னைத் தானே நெருக்கிக்கொள்கிறது. தன் நிழலில்.

எங்கள் சோலையை ஒட்டி, என் வயதை நெருங்கும் ஒரு சீகைத் தோப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு நாள் குடையை மடக்கி வைத்துவிட்டு, சருகை ஒதுக்கி, கை விரித்த அளவுக்கு ஒரு சதுரத்தைப் பொறுமையாகப் பார்த்தேன். ஒரு சீகைக் குஞ்சுகூட இல்லை. வெளிச்சம் போதாமல் அது வளராது. முளைத்திருந்தது விக்கி, நாவல், காட்டு லவங்கம். எல்லாம் பழந்தின்னிகள் கொண்டுவந்து போட்டவை. செம்மீசைச் சின்னானுக்குச் சீகைக் கிளையானாலும் செண்பகக் கிளையானாலும் உட்கார இடம், அவ்வளவுதான். யாருக்கும் ஆகாதென்று நாம் நினைக்கிற அந்தச் சீகை, பூங்காவின் மிலாறு மாதிரி, சோலைக் கன்றுகளுக்குப் பனிப்போர்வை பிடித்துக்கொண்டு நிற்கிறது. பழனி மலைத் தோப்புகளிலும் இப்படிச் சோலை மரங்கள் தாமாக முளைத்து வருவதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்தத் தோப்பை மொத்தமாக வெட்டினால் என்ன ஆகும்? வெயில் தரையில் விழும். மண்ணுக்குள் தூங்குகிற விதையெல்லாம் எழும்பும். போர்வை போய்விட்டதால் சோலைக் கன்றுகள் முதல் பனியிலேயே கருகும். அடுத்த மூன்று வருடத்தில் ஆள் நுழைய முடியாத சீகைப் புதர். இதைச் செய்துவிட்டு அயல் மரம் அகற்றும் பணி நிறைவு என்று போர்டு வைத்த இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது, வரவே வேண்டாம் என்கிறீரா என்று கேட்பீர்கள். வாருங்கள். ஆனால் கடப்பாரையைக் கீழேயே வைத்துவிட்டு வாருங்கள்.

புல்வெளியில் ஒரு குழிகூட வேண்டாம். தென்மேற்கு மழையில் மண் நெகிழ்ந்திருக்கும்போது, ஒரு முழத்துக்கு உட்பட்ட சீகைக் கன்றை வேரோடு கையாலேயே பிடுங்கலாம். அறுபது பேர் அரை நாளில் ஒரு சரிவையே சுத்தம் செய்துவிடலாம். பிடுங்கிய குழியைக் காலால் மிதித்து மூடிவிட்டுப் போகவும். பெரிய மரத்தைத் தொடாதீர்கள். அதற்கு வனத்துறை அனுமதியும் விவரம் தெரிந்த ஆளும் வேண்டும். சோலையை ஒட்டிய தோப்பில் இடைவெளிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில் மெல்லச் செய்ய வேண்டிய வேலை அது. போட்டோவுக்கு ஆகாது.

நடத்தான் வேண்டும் என்று கை பரபரத்தால், சோலை வெட்டுப்பட்டுப் பின்வாங்கிய ஓரங்கள் உண்டு. அங்கே, அந்தச் சோலையிலிருந்தே பொறுக்கிய விதையில் வளர்த்த கன்றை, பல வகையும் கலந்து, நிழல் பார்த்து நடலாம். நர்சரி லாரியில் வரும் மகோகனிக்கு அங்கே வேலையில்லை. என் பாத்தியில் விக்கி விதை முளைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. கன்று ஒரு சாண் உயர இரண்டு வருடம். உங்கள் ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு அது தயாராகாது. தயாரானதும் சொல்லி அனுப்புகிறேன்.

பணம் திரட்டுகிறீர்கள் அல்லவா, அதில் பாதியை நடும் நாளுக்கு வையுங்கள், மீதியை அடுத்த ஐந்து வருடம் போய்ப் பார்க்கிற ஆளுக்குக் கூலியாக வையுங்கள். இதே மாவட்டத்தில், முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டில் 1988 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சுண்டுவிரல் பருமன் தண்டுக்கும் எண் உண்டு. உங்கள் அறுநூறில் எத்தனை பிழைத்தது என்று கேட்டு இதுவரை எனக்கு ஒரு போன் வரவில்லை.

அந்தத் தம்பி இதைப் படித்தால்: உங்கள் குழிகளில் முளைத்த சீகையை நானும் பக்கத்து வீட்டு அக்காவும் போன வருடம் பாதி பிடுங்கிவிட்டோம். மேல் பாதி இன்னும் இருக்கிறது, முழங்கால் தாண்டிவிட்டது, இந்த மழைக்குள் எடுக்காவிட்டால் கைக்கு அடங்காது. ஜூலை இரண்டாம் ஞாயிறு வந்தால் நல்லது. அட்டைக்கு உப்பும் புகையிலைத் தூளும் நான் வைத்திருக்கிறேன். ரெயின்கோட் மட்டும் கொண்டுவாருங்கள். தக்காளிச் சோறு இந்த முறை என் வீட்டில்.

இப்படிக்கு,
எமரால்டு பக்கத்திலிருந்து ஒரு பழைய தாவரவியல் வாத்தியார்